கம்பெனியை விட்டுப் பிரிகிறீர்கள். வங்கியில் போட்ட ஜாமீன் கையெழுத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

கோவை கணபதி பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறை. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து பதினோரு வருஷம் நடத்திய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பம்புக்கு வேண்டிய பாகங்களை வார்த்துக் கொடுப்பார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல்தான் பிரிந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு தொழில் செய்ய ஆசை, அவ்வளவுதான். அப்போது நான் வேலை பார்த்த ஆடிட்டர் அலுவலகத்தில் பிரிவு ஒப்பந்தம் தயாரானது. பதினாலு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் இப்படி ஒரு பத்தி: "கம்பெனியின் பெயரில் உள்ள வங்கிக் கடன்கள் அனைத்துக்கும் இன்று முதல் முதல் தரப்பினரே முழுப் பொறுப்பு. இரண்டாம் தரப்பினருக்கு அவற்றில் எந்தச் சம்பந்தமும் இல்லை."

கையெழுத்து போட்டு முடித்ததும் மச்சான், மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு, "பேங்க் சமாச்சாரத்தை நான் பார்த்துக்கறேன் மாப்ள, நீ நிம்மதியா போ" என்றார். மனசாரத்தான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்று வருஷம் கழித்து மாப்பிள்ளை கையில் ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். சர்ஃபேசி சட்டம், அதாவது கடன் நின்றுபோனால் ஈடு வைத்த சொத்தை வங்கியே கோர்ட்டுக்குப் போகாமல் எடுக்க வழி செய்யும் சட்டம், அதன் 13(2) பிரிவின் கீழ் நோட்டீஸ். 1 கோடியே 48 லட்சமும் வட்டியும், 60 நாளுக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஈடு வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ளும். அந்தச் சொத்து அவர் குடியிருக்கும் வீடு. "நான்தான் எப்பவோ ரிசைன் பண்ணிட்டேனே தம்பி, எனக்கு எதுக்கு நோட்டீஸ்?" என்று கேட்டார். ஒன்பதாவது பக்கத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். அங்கிருந்த சட்ட அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "இதுல எங்க பேங்க் கையெழுத்து எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறும் ஒருவருக்கு, வங்கியில் போட்ட ஜாமீன் கையெழுத்திலிருந்து விடுபட என்னென்ன வழிகள் உண்டு, எது எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும்

டைரக்டர் பதவி வேறு, பங்கு வேறு, ஜாமீன் வேறு. ராஜினாமா கடிதம் கொடுத்தால் பதவி போகும். பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்து போட்டால் பங்கு போகும். ஜாமீன் இந்த இரண்டோடும் ஒட்டியிருப்பதே இல்லை. அது உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் நடந்த தனி ஒப்பந்தம். அதில் கம்பெனிக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு இடமில்லை.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன்தாரருக்கும் என்கிறது. "முதலில் கம்பெனியிடம் கேள், மச்சானிடம் கேள், கிடைக்காவிட்டால் என்னிடம் வா" என்று சொல்லவும் முடியாது. அறுபதுகளின் கடைசியில் பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது: கடன்காரரிடம் முயன்று பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்தினால், ஜாமீன் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. யாரிடம் சீக்கிரம் வசூலாகுமோ அவரிடம் வங்கி முதலில் போகலாம். நம் மாப்பிள்ளையிடம், வங்கியில் வைத்த ஈட்டைத் தவிர வேறு வில்லங்கம் இல்லாத வீடு இருந்தது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போய்விட்டால் கடனைப் பாதியாகக் குறைத்துத் தீர்த்துவிடுவார்கள், அப்போது ஜாமீனும் போய்விடும்" என்று. போகாது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களை திவால் சட்டத்துக்குள் கொண்டுவரும் அறிவிப்பு 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கம்பெனிக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலேயே ஜாமீன்தாரர் விடுபட்டுவிடுவதில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

பட்டறையில் 62 லட்சம் எப்படி 1 கோடியே 48 லட்சம் ஆனது?

மாப்பிள்ளை வெளியேறிய அன்று கேஷ் கிரெடிட் கணக்கில், அதாவது எல்லோரும் சொல்லும் சி.சி.யில், 62 லட்சம்தான் பாக்கி. தவணையில் கட்டும் டேர்ம் லோன் முடியும் தறுவாயில் இருந்தது. "62 லட்சத்துக்கு மேல இவ்வளவு பெரிய சரக்கும் மெஷினும் இருக்கே" என்று எல்லோரும் சமாதானமாக இருந்தோம். ஆனால் சி.சி. லிமிட் 1 கோடியே 50 லட்சம். ஜாமீன் பத்திரம் எழுதியிருந்தது அந்த லிமிட்டுக்கு. அன்றைய பாக்கிக்கு அல்ல. சி.சி. கணக்கு கிணற்றுத் தண்ணீர் போல இறங்கும், ஏறும். அப்புறம் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களிடம் பணம் முடங்கியது, வார்ப்புக்கு உருக்கும் மூல இரும்பான பிக் அயர்ன் விலை ஏறியது. மச்சான் லிமிட்டுக்குள்ளேயேதான் பணம் எடுத்தார். வங்கியிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை. மாப்பிள்ளை பட்டறை வாசலையே மிதிக்காத மாதங்களில் எடுத்த பணத்துக்கும் அவர் கையெழுத்து ஜாமீன் நின்றது.

ஆகவே விலகும்போது "இன்றைக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்பதைவிட "லிமிட் எவ்வளவு?" என்று கேட்பதுதான் சரி.

வழி ஒன்று: "நான் பார்த்துக்கறேன்" என்ற உறுதி

பெரும்பாலான பிரிவு ஒப்பந்தங்களில் இருப்பது இதுதான். சட்டத்தில் இதற்கு இண்டெம்னிட்டி என்று பெயர்: உனக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுகிறேன் என்பது. செல்லாத காகிதம் அல்ல. ஆனால் அது மச்சானைக் கட்டுப்படுத்துமே தவிர வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி உங்களிடம் வசூலித்த பிறகு, நீங்கள் மச்சானிடம் வசூலிக்கப் போகலாம். இதில் உள்ள சிக்கல் இதுதான்: வங்கி உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால் மச்சானிடம் பணம் இல்லை என்று அர்த்தம். இருந்தால் கடன் நின்றிருக்காது. உறுதி தேவைப்படும் நேரமும் உறுதி கொடுத்தவர் கை வெறுமையாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

உறவுக்குள் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். வழக்குப் போடலாமே என்று நான் கேட்டபோது மாப்பிள்ளை சொன்னது: "கேஸ் போட்டா வீட்டுக்காரி யார் பக்கம் நிப்பா தம்பி?" அவர் வழக்குப் போடவில்லை. அன்னூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த இடத்தை விற்று, வங்கியோடு ஒரே தவணைத் தீர்வு பேசி வீட்டை மீட்டார்.

சரி, இண்டெம்னிட்டியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்ற நிலை வந்தால் அதைப் பலப்படுத்த வழி இருக்கிறது. முதலில், "நஷ்டம் ஏற்பட்டால்" என்று எழுதாதீர்கள். "வங்கி கோரிக்கைக் கடிதம் அனுப்பிய 15 நாளுக்குள் முதல் தரப்பினர் நேரடியாக வங்கிக்குக் கட்ட வேண்டும்" என்று எழுதுங்கள். கையிலிருந்து பணம் போவதற்கு முன்பே ஈடு கேட்கலாம் என்று 1942லேயே பம்பாய் உயர் நீதிமன்றம் பரேல்கர் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் வாதாட வேண்டியதில்லை. அடுத்தது, வெறும் வாக்குறுதியாக விடாமல், மச்சானின் பெயரில் வங்கியில் ஈடு வைக்காத ஏதாவது ஒரு சொத்து இருந்தால் அதை உங்கள் பெயருக்கு அடமானம் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளியேறும் ஜாமீனுக்கு எதிர் ஜாமீன். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். இதோடு, மாதாமாதம் சி.சி. ஸ்டேட்மென்டும் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும் (சரக்கு இருப்புக் கணக்கு) உங்களுக்கு ஒரு நகல் வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பாக்கி ஏறுவது நோட்டீஸ் வந்த பிறகு தெரிவதில் பிரயோஜனம் இல்லை.

வழி இரண்டு: ஜாமீனை ரத்து செய்து வங்கிக்கு நோட்டீஸ்

ஒப்பந்தச் சட்டம் 130ஆம் பிரிவு, தொடர் ஜாமீனை, அதாவது சி.சி. போல அடுத்தடுத்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நிற்கும் ஜாமீனை, இனிவரும் கொடுக்கல் வாங்கல்களுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம் என்கிறது. படித்ததும் "அப்பாடா" என்று இருக்கும். இதில் இரண்டு கண்ணிகள்.

முதலாவது, நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம். வங்கிகளின் ஜாமீன் படிவங்களில் ஜாமீன்தாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு நீளமான பத்தி வழக்கமாக இருக்கும். 133 முதல் 141 வரையான பிரிவுகளின் எண்களைக்கூடப் போட்டிருப்பார்கள். 130ஐயும் இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு எதிராக சீதாராம் குப்தா நடத்திய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சலுகையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தவர் பிறகு அதைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எனவே நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஜாமீன் பத்திரத்தின் நகலை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, வக்கீலிடம் வரி வரியாகப் படிக்கக் கொடுங்கள். நகல் தன்னிடம் இருக்கிறது என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது கண்ணி பட்டறைக்கு. நோட்டீஸ் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு சி.சி.யில் 62 லட்சம் பாக்கி. அடுத்த இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து 70 லட்சம் வரவு. சம்பளம், மின்கட்டணம், சரக்கு என்று 80 லட்சம் செலவு. வரவு எந்தக் கடனுக்கு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை என்றால், பழைய கடனில்தான் முதலில் கழியும். இது அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு. ஆக பழைய 62 லட்சம் தீர்ந்துபோயிற்று, இப்போது நிற்பது முழுக்கப் புதிய கடன், அதற்கு உங்கள் ஜாமீன் இல்லை. இது வங்கிக்கு நன்றாகவே தெரியும். அதனால் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அந்தக் கணக்கை அப்படியே நிறுத்திவிடப் பார்க்கும். அன்று சனிக்கிழமையாக இருந்தால் பட்டறையில் கூலி போட முடியாது. வெளியேறியவருக்குப் பாதுகாப்பு, உள்ளே இருப்பவருக்கு மூச்சடைப்பு.

இதை மிரட்டலாகப் பயன்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. அங்கே வேலை செய்யும் முப்பது பேருக்கும் இந்தப் பிரிவினைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர் வங்கிக்குப் போகவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தால், தேதி குறிப்பிட்டு முன்கூட்டியே அவருக்கும் தெரிவித்துவிட்டு நோட்டீஸ் கொடுப்பதைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

வழி மூன்று: வங்கியே எழுத்தில் விடுவிப்பது

கையில் கிடைத்தால் இதைவிட நல்லது இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி, "இன்னாரை இந்தத் தேதி முதல் ஜாமீனிலிருந்து விடுவிக்கிறோம்" என்று வங்கி தரும் கடிதம். கூடவே மற்ற ஜாமீன்தாரர்களிடமிருந்து புதிய பத்திரங்களை வங்கி வாங்கிக்கொள்ளும். உங்கள் இடத்தில் இன்னொருவரை, பெரும்பாலும் மச்சானின் மனைவியையோ மகனையோ, நிறுத்தச் சொல்லும். உங்கள் சொத்து ஈடாக இருந்தால் அதற்குப் பதில் வேறு சொத்து கேட்கும்.

இங்கே நேரம்தான் எல்லாம். பிராஞ்ச் மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஜாமீன்தாரரை விடுவிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. கடனை அனுமதித்த மேலிடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஃபைல் எப்படியும் போகிற சமயம் ஒன்று உண்டு: சி.சி.யின் வருடாந்திரப் புதுப்பித்தல். அதோடு சேர்த்துக் கேட்டால் ஒரே மூச்சில் முடியும். கணக்கு சுத்தமாக இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். வட்டி 30 நாளைத் தாண்டி நின்றாலே வங்கியின் கவனிப்புப் பட்டியலில் கணக்கு ஒரு படி இறங்கிவிடும். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் எந்த அதிகாரியும் ஒரு ஜாமீனைக் குறைக்கும் குறிப்பில் கையெழுத்துப் போடத் துணிய மாட்டார்.

முழு விடுதலை கிடைக்கவில்லை என்றால் இடைப்பட்ட ஒன்றைக் கேட்கலாம்: வரம்பு. "இவருடைய பொறுப்பு அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து இத்தனை ரூபாய்க்கு மேல் இல்லை, இந்தத் தேதிக்கு மேல் இல்லை" என்று ஜாமீன் பத்திரத்தைத் திருத்துவது. மாப்பிள்ளை விஷயத்தில் 62 லட்சம் என்று ஒரு வரம்பு போட்டு எழுதியிருந்தால் அன்னூர் இடம் பிழைத்திருக்கும். "வட்டியும் செலவும் தனி" என்று ஒரு சொல் நுழைந்தாலும் வரம்பு வரம்பாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

வழி நான்கு: கடனையே வேறு வங்கிக்கு மாற்றுவது

பேச்சுவழக்கில் டேக்ஓவர். புது வங்கி மச்சானுக்கும் கம்பெனிக்கும் மட்டும் கடன் தரும். அந்தப் பணம் நேராகப் பழைய வங்கிக்குப் போய்க் கணக்கு மூடும். மூடிய கணக்குக்கு ஜாமீன் இல்லை. உங்கள் வீட்டுப் பத்திரமும் வெளியே வந்துவிடும். பழைய வங்கியின் மேலிடத்தில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

இதை எனக்குப் பிடித்த வழி என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் உங்கள் வீடும் இல்லாமல் இந்தக் கம்பெனிக்குக் கடன் தர ஒரு வெளி ஆள் தயாரா என்பது இதில்தான் தெரிய வரும். இரண்டு மூன்று வங்கிகள் மறுத்துவிட்டால் அது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. உங்களை மட்டும் நம்பித்தான் அந்தக் கடன் நிற்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஜாமீனை வெறும் வாக்குறுதியின் பேரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

செலவு உண்டு: பிராசஸிங் கட்டணம், சொத்து மதிப்பீடு, சட்டக் கருத்து, சொத்துப் பத்திரத்தை ஈடாக வங்கியிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் பத்திர ஒப்படைப்புப் பதிவு. பழைய வங்கி கேட்கும் முன்கூட்டி அடைப்புக் கட்டணம்தான் முன்பெல்லாம் பெரிய தடை. ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு, குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் இந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது. கம்பெனி நடுத்தர நிறுவனம் என்ற வகைக்குள் வந்தால் இது பொருந்தாது. சிறு நிதி வங்கி, வட்டார கிராம வங்கி போன்றவற்றுக்கு விதி வேறு மாதிரி. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பதிவான உத்யம் சான்றிதழில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வங்கியில் ஈடு போதவில்லை என்றால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கேட்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை அதில் இடம் உண்டு. மூன்றாம் நபர் ஜாமீனும் சொத்து ஈடும் இல்லாமல் கடன் தரத்தான் அந்தத் திட்டம். நடத்துகிற டைரக்டரின் சொந்த ஜாமீனை வங்கி அதிலும் கேட்கும், ஆனால் அந்த டைரக்டர் இப்போது மச்சான் மட்டும்தானே.

வழி ஐந்து: பங்கை உடனே கொடுக்காமல் நிறுத்தி வைப்பது

இது தனி வழி என்பதைவிட மேலே சொன்னவற்றை நடக்க வைக்கும் நெம்புகோல். விலகுபவர் கையில் இருக்கும் ஒரே பலம் பங்கு. அதை எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து வங்கிக்கு அலைய வேண்டிய அவசரம் உள்ளே இருப்பவருக்குக் குறைந்துவிடும். கெட்ட எண்ணத்தால் இல்லை. அவருக்கு ஆயிரம் வேலை. எனவே ஒப்பந்தத்தில் வரிசையை மாற்றிப் போடுங்கள்: முதலில் வங்கியின் விடுவிப்புக் கடிதம், பிறகு பங்கு மாற்றம். இடைப்பட்ட காலத்துக்குப் பங்கு ஆவணங்கள் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு வக்கீலிடம் இருக்கலாம். டீமேட்டில் இல்லாத, காகிதப் பங்கு என்றால் எஸ்.எச்.4 என்ற பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். ஆகவே படிவத்தை முன்கூட்டியே கையெழுத்திட்டு மாதக்கணக்கில் பூட்டி வைப்பது சரிப்படாது. வங்கிக் கடிதம் வந்த வாரத்தில் கையெழுத்துப் போடுவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவருக்கும் இதில் நியாயமான பயம் ஒன்று உண்டு. "வங்கி ஆறு மாதம் இழுத்தால், அதுவரை நீயும் பங்குதாரர் என்று லாபத்தில் கை வைப்பாயா?" என்று கேட்பார். பிரிவு தேதிக்குப் பிறகான லாபம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது நேர்மையான பேரம்.

டைரக்டர் பதவியை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளலாமா, உள்ளே நடப்பது தெரியுமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். பி.எஃப்., ஜி.எஸ்.டி. பாக்கி, திரும்பி வரும் செக் என்று புதிய பொறுப்புகள் வந்து சேரும். ராஜினாமா செய்த கையோடு செக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தையும் வங்கியில் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டு வைத்த வெற்றுச் செக்குகளைத் திரும்ப வாங்குங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

கணக்கு சுத்தமாக இருந்து, கம்பெனி லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தால் டேக்ஓவர் அல்லது புதுப்பித்தலோடு சேர்த்து விடுவிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கலாம். இன்னொரு வங்கி அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டது என்றால் பழைய வங்கியின் மேலிடமும் வேகமாக யோசிக்கும். உங்கள் சொத்து எதுவும் ஈட்டில் இல்லை, வெறும் கையெழுத்து மட்டும்தான் என்றால் வங்கியின் பிடிவாதமும் கொஞ்சம் குறைவாக இருக்கும். கணக்கு தள்ளாடினால் முழு விடுதலைக்காகக் காத்திருந்து காலத்தை விட்டுவிடாமல் வரம்பைக் கேளுங்கள், எதிர் அடமானம் வாங்குங்கள். உங்களுக்கு வரவேண்டிய பங்குப் பணத்தில் ஒரு பகுதியை நேராக வங்கியில் கட்டி லிமிட்டையே குறைக்கச் சொல்வதையும் யோசியுங்கள். 20 லட்சம் குறைவாக வாங்கிக்கொண்டு லிமிட்டை 90 லட்சத்துக்கு இறக்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அப்போது நஷ்டம் போலத் தெரிந்தது. கணக்கு ஏற்கெனவே வாராக்கடன் ஆகிவிட்டது என்றால் பிரிவு ஒப்பந்தத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனி, மச்சான், நீங்கள் மூவரும் சேர்ந்து வங்கியோடு ஒரே தீர்வு பேசுங்கள். தீர்வுக் கடிதத்தில் ஜாமீன்தாரர் ஒவ்வொருவர் பெயரும் வந்து, அனைவரும் விடுவிக்கப்படுவதாக இருக்க வேண்டும். மிச்சத்துக்கு ஜாமீன்தாரரிடம் போகும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் கட்ட வேண்டியே வந்துவிட்டால் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உங்கள் பெயரில் வாங்குங்கள். கட்டிய ஜாமீன்தாரருக்குக் கம்பெனியிடம் திரும்பக் கேட்கும் உரிமை 145ஆம் பிரிவில் உண்டு. வங்கி வைத்திருந்த ஈடுகள் மீது வங்கியின் இடத்தில் நிற்கும் உரிமை 140இல். உடன் ஜாமீன்தாரரிடம் அவர் பாகத்தைக் கேட்கும் உரிமை 146இல். கம்பெனி கணக்கு வழியாகக் கட்டினால் இவற்றை நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும்.

விடுவிப்புக் கடிதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட மூல ஜாமீன் பத்திரத்தில் "ரத்து" என்று எழுதி முத்திரையிட்டு நகல் கேளுங்கள். வீட்டுப் பத்திரங்களை வாங்கும்போது தாய்ப் பத்திரம், பட்டா, பழைய வில்லங்கச் சான்று எல்லாம் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு மூலப் பத்திரம் குறைந்து, அது வேறொரு ஃபைலில் இருந்து கிடைக்க நாற்பது நாள் ஆனது. பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்திருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வங்கி ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டிய வேலை அது, அதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். கடன் முழுவதும் அடைந்திருந்தால் கம்பெனிப் பதிவாளரிடம், கடன் தீர்ந்து ஈடு நீங்கியதைத் தெரிவிக்கும் சி.எச்.ஜி.4 படிவம் போய்விட்டதா என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, ஜாமீன்தாரர் என்ற இடத்தில் அந்தக் கணக்கு மூடியதாகவோ நீங்கியதாகவோ காட்டுகிறதா என்று பாருங்கள். கடைசியாக வீட்டுக்குப் புதிய வில்லங்கச் சான்று ஒன்று போட்டு, வங்கியின் பெயர் கழிந்த வரியை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு ஃபைலை மூடுங்கள்.